தோலுக்கு மேலயே பயோஹேக்கிங்: கத்தி படாம வீட்ல பண்ணிப் பாக்கறது எப்படி

போன சித்திரைல ஒரு நாள் காலைல அம்மா மிக்ஸில சட்னி அரைச்சிகினு இருந்தாங்க, நான் பக்கத்துல போய் எடது கை மோதிர விரல மிக்ஸி மேல படாம நீட்டிட்டு கண்ண மூடி நின்னேன். "இன்னாடா இது, மிக்ஸிக்கு ஆசீர்வாதம் பண்ணிகினு கீற?"ன்னாங்க. விரல் நுனில பேப்பர் டேப் போட்டு ஒட்டின ஒரு காந்தம், மூக்குத்திக் கல்லு அளவுதான் இருக்கும், அது மிக்ஸி ஓடற வரைக்கும் தோலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி நமநமன்னு ஆடுச்சு, அம்மா சுவிட்ச அணைச்சதும் நின்னுச்சு, மறுபடி போட்டாங்க, மறுபடி ஆடுச்சு. அன்னிக்கு சட்னி தண்ணியா போச்சுன்னு எனக்குதான் திட்டு.

வேலூர் சத்துவாச்சாரில சின்னதா ஒரு மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். டிஸ்பிளே மாத்த வர்ற காலேஜ் பசங்க யூடியூப்ல எவனோ கைக்குள்ள சிப் வெச்சிகினு கதவ தொறக்கறத பாத்துட்டு "அண்ணா இத நம்ம ஊர்ல எங்க வெப்பாங்க, நீங்களே வெச்சு விடுவீங்களா"ன்னு கேக்கறாங்க, மாசத்துக்கு ரெண்டு பேராவது வந்துடறாங்க. டிஸ்பிளே ஒட்டற பசைய வெச்சு உன் கைய ஒட்ட முடியாதுடா தம்பின்னு சொல்லி அனுப்பிட்டு இருந்தேன். ஆனா எனக்கும் அந்த ஆசை இருக்கு, இல்லன்னு சொன்னா பொய். இப்படி காந்தம், சிப்பு, சென்சார்னு நம்ம உடம்புல நாமளே எதையாவது சேத்துப் பாக்கறதுக்குதான் பயோஹேக்கிங்னு பேரு, அதனால கத்தியே எடுக்காம இதுல எவ்ளோ தூரம் போக முடியும்னு ஒரு வருஷமா பண்ணிப் பாத்தத எழுதறேன்.

நான் வெச்சிகிட்ட கணக்கு ஒண்ணுதான். எதையும் உடம்புக்குள்ள வெக்கணும்னு தோணுச்சுன்னா அதே சாமான முதல்ல ஒரு மாசம் தோலுக்கு மேல ஒட்டிகிட்டு திரியணும், ஒரு மாசம் கழிச்சும் அது இல்லாம கை குறையா இருக்கற மாதிரி தோணுனா அப்பறம் யோசிக்கலாம். எனக்குத் தெரிஞ்சு இந்த ஒரு மாசத்த தாண்டின பையன் இதுவரைக்கும் யாரும் இல்ல, நான் உள்பட. அதோட ஒரு நோட்டு வேணும். நாப்பது பக்க நோட்டு போதும், ஆப் வேணாம், ஆப்ல எழுதுனத திரும்பப் படிக்கவே மாட்டோம்.

முதல்ல காந்தம்

ஆன்லைன்ல நியோடிமியம் காந்தம், வட்டமா 3 மில்லிமீட்டர் அகலம் 1 மில்லிமீட்டர் கனம்னு தேடுனா வரும். காசு செலவு பண்ண வேணாம்னா செத்துப்போன இயர்பட்ஸ் கேஸ் இருந்தா மூடிய பாருங்க, டக்குனு மூடிக்கறதுக்கு குட்டியா காந்தம் வெச்சிருப்பாங்க, எங்கடைல இதெல்லாம் ஒரு டப்பா நிறைய கெடக்கு. எழுதற கைய விட்டுட்டு இன்னொரு கை மோதிர விரல எடுத்துக்கங்க, ஏன்னா பிடிக்கற தூக்கற வேலைல அதுக்குதான் பங்கு கம்மி. கைய சோப்பு போட்டு கழுவி நல்லா காய விட்டு, விரலோட சதைப்பக்கம், ரொம்ப நுனியும் இல்லாம ரொம்ப கீழயும் இல்லாம, காந்தத்த தட்டையா வெச்சு மெடிக்கல் ஷாப்ல விக்கற பேப்பர் டேப்ப ஒரே ஒரு சுத்து சுத்துங்க. இறுக்காதீங்க. நுனி வெளுத்தாலோ நீலமா ஆனாலோ டேப் இறுக்கம்னு அர்த்தம். ஃபெவிக்விக் போட்டு ஒட்டறேன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான், வேணாம்டான்னு கைய புடிச்சு நிறுத்தினேன், அது பஞ்சுல பட்டா சூடாகும், விரல்ல பட்டா தோலோடதான் வரும். ராத்திரி படுக்கும்போது கழட்டிடுங்க.

இப்ப வீட்ட சுத்தி வாங்க. மிக்ஸி நல்லா தெரியும். டேபிள் ஃபேன் பின்னாடி மோட்டார் இருக்கற உருண்டை, ஃபிரிட்ஜுக்குப் போட்டிருக்கற ஸ்டெபிலைசர், பழைய ரேடியோவோட வந்த கனமான அடாப்டர், இதெல்லாம் ஒரு நாலு விரக்கடை தூரத்துல விரல கொண்டு போனாலே தெரியும், அதுக்கு மேல தள்ளுனா சட்டுனு காணாம போயிடும். நம்ம வீட்டு கரெண்ட் செகண்டுக்கு 50 தடவ முன்னயும் பின்னயும் போய் வருது, இரும்புப் பட்டைல கம்பி சுத்துன டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல அதே வேகத்துல காந்தப்புலமும் புரளும், விரல்ல இருக்கற காந்தம் அதோட சேந்து புரளப் பாக்கும், அந்த ஆட்டத்த விரல் நுனி நரம்பு புடிச்சுக்குது. ஆனா போன் சார்ஜர்ல ஒண்ணும் தெரியாது. அது உள்ள செகண்டுக்கு ஆயிரக்கணக்குல ஓடற சர்க்யூட், அவ்ளோ வேகத்துக்கு நம்ம தோலால ஈடு குடுக்க முடியாது. சுவத்துல போற ஒயர்லயும் தெரியாது, போற கம்பியும் வர்ற கம்பியும் ஒட்டி ஒட்டி இருக்கறதால ஒண்ணோட புலத்த இன்னொண்ணு அடிச்சிடும். ஒண்ணும் தெரியலயேன்னு எதையும் பிரிச்சு உள்ள விரல விடாதீங்க. இண்டக்‌ஷன் அடுப்புகிட்டயும் போகாதீங்க, அது காந்தத்தயே சூடாக்கும்.

எனக்கு ரொம்ப புடிச்சது இன்வெர்ட்டர். கரெண்ட் போச்சுன்னா மொழுமொழுன்னு இருந்த அதிர்வு மாறி ஒரு மாதிரி சொரசொரன்னு ஆகும், எங்க வீட்ல இருக்கறது விலை கம்மியான சதுர அலை இன்வெர்ட்டர், சைன் அலை மாதிரி வளைஞ்சு வராம படி படியா ஏறி இறங்கும், அந்தப் படி விரல்ல தெரியுது. காதுல கேக்கற ஹம் சத்தமும் அப்படித்தான் மாறும். அப்ப நான் விரல்ல உணர்றேனா இல்ல காதால கேட்டுட்டு விரல்ல உணர்றதா நினைச்சிக்கறேனா?

இங்கதான் நோட்டு வேலை. தம்பிய ஸ்டெபிலைசர்கிட்ட உக்கார வெச்சு நடுவுல ஒரு போர்வைய கட்டி கீழ விரல் மட்டும் போற மாதிரி விட்டேன். அவன் ஒரு ரூபா காசு சுண்டுவான், தலை விழுந்தா ஆன், பூ விழுந்தா ஆஃப், நான் சொல்லணும். 20 தடவ. முதல் நாள் 19 சரி, எனக்கு தலை கால் புரியல. அப்பறம் தம்பியே சொன்னான், "உனக்கு சத்தம் கேக்குதுடா". மறுநாள் இயர்போன்ல பறையிசை போட்டு சத்தமா வெச்சிகிட்டு பண்ணுனேன், 12. குருட்டாம்போக்கா சொன்னாலே 10 வந்துடும். அப்பறம் தெனம் கொஞ்சம் பழகி மூணாவது வாரம் 17 வந்துச்சு. 20க்கு 15 இல்ல அதுக்கு மேல வந்தாதான் நம்பணும், சும்மா அடிச்சு விட்டு அவ்ளோ வர்றதுக்கு நூத்துல ரெண்டு வாய்ப்புதான். இந்த காசு சுண்டற வேலைய பண்ணாம எனக்கு தெரியுது எனக்கு தெரியுதுன்னு சொல்றவன நம்பாதீங்க.

மூணு வாரத்துல கழட்டிட்டேன். கடைல பொடி ஸ்க்ரூ எல்லாம் விரல்ல தானா வந்து ஒட்டிக்கும், அது ஜாலிதான், ஆனா ஒரு கஸ்டமர் போன் திருப்பி எடுத்துட்டுப் போய் மேப்ல நான் காட்பாடி பாத்து நிக்கறேன் அது பாகாயம் பாத்து நிக்குதுங்குதுன்னு வந்து நின்னாரு. போன்ல இருக்கற திசைகாட்டி சென்சார் காந்தத்துகிட்ட குழம்பிடும், எட்டு போடற மாதிரி போன ஆட்டி சரி பண்ணிக் குடுத்தேன். கேமராவுல ஆட்டத்த சமன் பண்ற பகுதியும் காந்தத்துலதான் ஓடுது. இது உள்ள இருந்திருந்தா எந்நேரமும் இதே ரோதனை. வீட்ல பேஸ்மேக்கர் வெச்ச பெரியவங்க இருந்தா இந்த விளையாட்டே வேணாம். சின்னப் பசங்க இருக்கற வீட்ல காந்தத்த எண்ணி எண்ணி வைங்க, ரெண்டு காந்தத்த முழுங்கிட்டா குடல நடுவுல வெச்சு நசுக்கி ஓட்ட போட்டுடும், அது ஆபரேஷன் வரைக்கும் போகும்.

உள்ள வெச்சவங்க கதை

2000களோட நடுவுல அமெரிக்காவுல சிலர் இந்த காந்தத்த விரலுக்குள்ளயே வெச்சுக்க ஆரம்பிச்சாங்க. குவின் நார்ட்டன்னு ஒரு பத்திரிகையாளர், அவங்களும் வெச்சாங்க, சில மாசம் நல்லா இருந்துச்சு, அப்பறம் காந்தத்து மேல இருந்த கோட்டிங் விட்டுப்போய் விரல் கெட்டு, எடுக்கப் போனா காந்தமே உள்ள துண்டு துண்டாச்சு. நியோடிமியம் காந்தத்துல பெரும் பங்கு இரும்பு, மேல கோட்டிங் போச்சுன்னா உடம்புத் தண்ணில துரு புடிக்கும், அவ்ளோதான் விஷயம்.

இத விட எனக்கு பெரிய யோசனை எம்ஆர்ஐ ஸ்கேன், அந்த மெஷினே ஒரு ராட்சச காந்தம். நம்ம ஊர்ல காந்தி ரோட்ல பெங்காலி போர்டு போட்ட லாட்ஜ் எத்தன இருக்குன்னு உங்களுக்கே தெரியும், நாட்டோட அந்தக் கோடிலேந்து இங்க சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்க வர்றாங்க, நாம இங்கயே பொறந்து வளந்துட்டு விரல்ல காந்தம் இருக்குங்கறதால அந்த மெஷினுக்குள்ள போக முடியாம நின்னா எப்படி இருக்கும். பெங்களூர் ஹைவேல தெனம் வண்டி ஓட்டறவன் நான். அடிபட்டு மயக்கமா இருக்கும்போது என் விரல்ல காந்தம் இருக்குன்னு யார் போய் சொல்லுவா.

ஒரு டாட்டூ கடைல சும்மா கேட்டுப் பாத்தேன், எந்தக் கடைன்னு வேணாம். "போட்டுடலாம் ப்ரோ"ன்னான். சாமான ஸ்டெரிலைஸ் பண்ண ஆட்டோகிளேவ் இருக்கான்னேன். "டெட்டால் இருக்கு ப்ரோ"ன்னான். வெளிய வந்து ஒரு டீ குடிச்சிட்டு வந்துட்டேன்.

ஜீன மாத்தறேன்னு ஊசி போட்டுக்கறவங்களும் இதே பேர்லதான் வர்றாங்க, அத பத்தி ரெண்டு வரி. ஜோசையா ஜேனர்னு ஒருத்தர் 2017ல மேடைலயே தன் கைல கிரிஸ்பர்னு ஜீன வெட்டி மாத்தற ஊசி போட்டுகிட்டாரு, தசை வளரும்னு, ஒண்ணும் வளரல, அத பாத்து மத்தவங்களும் கெளம்பினதும் அவரே வருத்தப்பட்டாரு. அதே வருஷம் வீட்ல போட்டுக்கற ஜீன் மருந்து விக்கறது சட்டப்படி தப்புன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ் எஃப்டிஏ சொல்லிடுச்சு. இதுல நான் சொல்லித்தர ஒண்ணும் இல்ல, பண்ணாதீங்க.

சிப்பு

கைல சிப் வெக்கறது புதுசு இல்ல, 1998 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல ரெடிங் யுனிவர்சிட்டி புரொபசர் கெவின் வார்விக் கைல ஒரு கண்ணாடிக் குப்பிக்குள்ள சிப் வெச்சுகிட்டாரு, அவர் நடந்து போனா கதவு தொறக்கும் லைட் எரியும், ஒம்போது நாள்ல எடுத்துட்டாரு. 2005ல அமெரிக்காவுல அமால் கிராஃப்ஸ்ட்ரான்னு ஒருத்தர் வெச்சுகிட்டாரு, அப்பறம் அதையே விக்கற கம்பெனியும் ஆரம்பிச்சாரு. இப்ப விக்கறது 2 மில்லிமீட்டர் தடிமன், 12 மில்லிமீட்டர் நீளம், பெரிய அரிசி மணி மாதிரி. உள்ள இருக்கற என்டேக் 216 சிப்புல 888 பைட்தான் எடம், ஒரு ஃபோட்டோ கூட கொள்ளாது.

அதே சிப்பு ஸ்டிக்கரா கெடைக்குது, என்எஃப்சி டேக்னு கேளுங்க. பேட்டரி கிடையாது, போன் பக்கத்துல வந்தா போன்லேந்து வர்ற அலைலயே உயிர் வந்து பேசும். முதல்ல உங்க போன்ல என்எஃப்சி இருக்கான்னு செட்டிங்ஸ்ல பாத்துக்கங்க, நம்ம ஊர்ல விக்கற விலை கம்மி போன் நிறையதுல அது இல்ல, என்கிட்ட வந்து "அண்ணா ஸ்டிக்கர் டூப்ளிகேட்"னு சண்டை போட்டவங்க பாதிப் பேர் போன்லதான் கோளாறு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல புறங்கைல ஒரு மெத்துன்னு எடம் இருக்குல்ல, அங்கதான் சிப் வெப்பாங்க. அங்க ஒரு மடிப்பு காஸ் துணி வெச்சு அதுமேல ஸ்டிக்கர், அதுமேல பேப்பர் டேப். காஸ் எதுக்குன்னா தோல்ல நேரா ஒட்டுனா ஆன்டெனா கொஞ்சம் மந்தமாகும், தோலும் அரிக்கும். போன்ல ஆன்டெனா பெரும்பாலும் பின்னாடி கேமரா பக்கம் இருக்கும், அங்க கைய காட்டணும். என்எஃப்சி டூல்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, அதுல உங்க ரத்த வகை, வீட்டு நம்பர் எழுதி டேக்ல ஏத்துங்க. ஆதார் நம்பரெல்லாம் ஏத்தாதீங்க, எவன் போன காட்டினாலும் படிச்சிடும்.

ஸ்டிக்கர் ஆன்டெனா பெருசு, ரெண்டு மூணு செண்டிமீட்டர்ல படிக்கும். கைக்குள்ள வெக்கற குப்பில ஆன்டெனா துளியூண்டு, கிட்டத்தட்ட ஒட்டி வெச்சு, கோணம் சரியா புடிச்சாதான் படிக்கும். அதனால ஸ்டிக்கர்லயே உங்களுக்கு எரிச்சல் வந்தா உள்ள வெச்சா இன்னும் வரும். அப்பறம் எல்லாரும் கேக்கறது, இதுல ஜிபே பண்ணலாமா, பஸ் டிக்கெட் எடுக்கலாமா. முடியாது. பேங்க் கார்டுல இருக்கற சிப் வேற, அதுக்குள்ள பூட்டி வெச்ச சாவி இருக்கு, அத காப்பி அடிக்க முடியாது. ஹாஸ்டல் கதவுக்குக் குடுக்கற நீலக் கலர் கீசெயின் டோக்கன் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ், போன் பேசறது 13.56 மெகாஹெர்ட்ஸ், ரெண்டும் வேற வேற பாஷை.

என் நோட்டுல முதல் வாரம் 31 தடவ உபயோகிச்சதா எழுதிருக்கு, அதுல பாதி அடுத்தவனுக்குக் காட்டறதுக்கு. நாலாவது வாரம் 2 தடவ. சிப் கதை முடிஞ்சுது.

சர்க்கரை சென்சார்

இது கொஞ்சம் செலவு புடிக்கும், ஒரு சென்சார் சில ஆயிரம் ரூபா, ஆனா நாலு சோதனைல நான் நிறைய கத்துகிட்டது இதுலதான். சிஜிஎம்னு சொல்லுவாங்க, விடாம சுகர் பாத்துகிட்டே இருக்கற சாமான். மேல் கையோட பின்பக்கம் ஒட்டற ஒரு வட்டம், அதோட ஒரு மெல்லிசு இழை தோலுக்குக் கீழ அஞ்சு மில்லிமீட்டர் அளவு போகும், ஆக கண்டிப்பா சொன்னா இது தோலுக்கு மேல இல்ல, ஆனா ரெண்டு வாரத்துல புடுங்கிப் போட்டுடலாம். ரத்தத்துல நேரா பாக்காது, செல்லுகளுக்கு நடுவுல இருக்கற தண்ணில பாக்கும், அதனால ரத்தத்த விட அஞ்சுலேந்து பதினஞ்சு நிமிஷம் பின்தங்கி வரும்.

இந்த விஷயத்துல நெஜமான ஹேக்கர்னா அமெரிக்காவுல டானா லூயிஸ்னு ஒருத்தங்கள சொல்லணும். அவங்களுக்கு டைப் 1 சுகர், ராத்திரி சுகர் இறங்குனா சென்சார் அடிக்கற அலாரம் தூக்கத்துல காதுல விழாது. அலாரத்த சத்தமாக்கறதுக்குன்னு ஆரம்பிச்ச வேலை, கடைசில சென்சார பாத்து இன்சுலின் பம்ப்ப தானே கூட்டிக் குறைக்கற சிஸ்டம் ஆச்சு, 2015ல அத ஓபன் ஏபிஎஸ்னு எல்லாருக்கும் வெளிய விட்டாங்க. தேவைக்குப் பண்ணுனது. எனக்கு சுகர் இல்ல, ஆனா நைனாவுக்கு பதினஞ்சு வருஷமா இருக்கு, எனக்கும் வரும்னு பயம், அதான்.

ஒட்டறதுக்கு முன்னாடி: குளிச்சிட்டு, ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு, நல்லா காய விட்டு ஒட்டுங்க. அன்னிக்கு எண்ணெ தேச்சுக் குளிக்காதீங்க. வெயில் 40 தாண்டற நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துல இந்த வேலையே வெக்காதீங்க, என் முதல் சென்சார் ஆறாவது நாள் வேர்வைல ஓரம் பிரிஞ்சு, பஸ் கூட்டத்துல எவனோ உரசுனதுல கழண்டு விழுந்துச்சு, காசு போச்சு. ரெண்டாவத மார்கழில ஒட்டுனேன், மேல வட்டமா வெட்டுன டேப்பும் போட்டேன், முழுசா தங்குச்சு. முதல் நாள் காட்டற நம்பர நம்பாதீங்க, அப்பதான் நிதானத்துக்கு வரும். ஒட்டுன கை மேலயே சாஞ்சு படுத்தா சுகர் 60ன்னு காட்டி பயமுறுத்தும், அமுக்கறதால வர்ற கோளாறு அது.

சோதனைய இப்படி பண்ணுங்க. ஒரே நேரம், காலைல, அதே அளவு தூக்கம், ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணுதான் மாத்தணும். அளவ தராசுல போடுங்க, "ரெண்டு கரண்டி" எல்லாம் கணக்குல சேராது. சாப்டறதுக்கு முன்னாடியே எவ்ளோ ஏறும்னு நினைக்கறீங்களோ அத நோட்டுல எழுதிடணும், அப்பறம்தான் கிராஃப் பாக்கணும், இல்லன்னா வந்தத பாத்துட்டு நான் அப்பவே நினைச்சேன்னு மனசு சொல்லும். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவயாவது பண்ணுங்க.

நாலு இட்லி தேங்கா சட்னி, 150 தாண்டுச்சு. கேப்பங்களி கீரக்கொழம்பு, அது ரொம்ப கம்மியா இருக்கும்னு 115ன்னு எழுதி வெச்சேன், வந்தது 146. அம்மாவுக்கு அத சொன்னதும் கோவம், "மெஷின் பொய் சொல்லுது, எங்க தாத்தா களி தின்னே எம்பது வருஷம் இருந்தாரு". தாத்தா களி தின்னுட்டு ஏர் ஓட்டப் போனாரு, நான் தின்னுட்டு ஸ்டூல்ல உக்காந்து சால்டரிங் அடிக்கறேன். மாவ நைசா அரைச்சு வேக வெச்சா அது கேப்பையா இருந்தாலும் சீக்கிரம்தான் செரிக்கும். முன்னாடி ஒரு கிண்ணம் சுண்டல் தின்னுட்டு அதே இட்லிய தின்னப்ப 130கிட்டயே நின்னுடுச்சு. ஆம்பூர் பிரியாணி ஒரு புதிர், ஒரு மணி நேரத்துல ஒண்ணுமே தெரியல, அடடா இது நல்ல சாப்பாடா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன், கொழுப்பு செரிமானத்த தள்ளிப் போட்டு ரெண்டரை மணி நேரம் கழிச்சு மெதுவா ஏறி அப்படியே நின்னுச்சு, எறங்கவே மனசில்ல. அடுத்த வாரம் அதே கடை அதே அளவு, கத்தரிக்கா தொக்கோட, சாப்ட்டு முடிச்சதும் கோட்டை எதுக்க பதினஞ்சு நிமிஷம் நடந்தேன், உச்சி 20 கிட்ட கம்மி. ஒரு நாள் ஒண்ணுமே சாப்டாம 128, என்னன்னு நோட்ட பாத்தா வண்டி லோன்காரன் போன் பண்ண நேரம்.

சுகர் இல்லாத ஆளுக்கும் சாப்ட்டதும் 140 தாண்டி எறங்கறது நடக்கறதுதான், அதுக்காக சோத்த வெறுக்காதீங்க. சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க கிராஃப பாத்து டோஸ நீங்களா மாத்தாதீங்க, பட்டினி சோதனையும் வேணாம். தலை சுத்துது வேர்க்குது, ஆனா சென்சார் நல்லாருக்குன்னு காட்டுதுன்னா விரல்ல குத்திப் பாருங்க.

நைனா கால்

காந்தம் ஒட்டி புதுசா ஒரு உணர்ச்சிய சேத்துகிட்டு திரிஞ்ச அதே மாசம் நைனா ஒரு கோயிலுக்குப் போனாரு, மத்தியானம், கருங்கல் தரை, செருப்ப வெளிய விட்டுட்டு பிரகாரம் சுத்தி வந்துட்டாரு. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அம்மாதான் பாத்தாங்க, உள்ளங்கால்ல கொப்புளம். அவருக்குத் தெரியவே இல்ல, சுகர்ல கால் மரத்துப் போயிருக்கு.

இத நம்ம ஊர்லதான் ஒருத்தர் முதல்ல புரிஞ்சுகிட்டாரு. பால் பிராண்ட், 1946ல வேலூர் வந்த டாக்டர். தொழுநோய்ல விரல் அழுகி விழுதுன்னு ஊரே நம்பிட்டு இருந்தப்ப, அழுகல, வலி தெரியாததால அடிபட்டு அடிபட்டு தேயுதுன்னு கண்டுபுடிச்சாரு. சில பேருக்கு ராத்திரில விரல் காணாம போச்சு, பாத்தா தூங்கும்போது எலி கடிச்சிருக்கு, அவங்களுக்குத் தெரியல, அதனால ஆளுக்கு ஒரு பூனை குடுத்து அனுப்பினாங்க. பின்னாடி அவர் அமெரிக்காவுல கார்வில்னு ஒரு எடத்துல போய் செயற்கையா வலிய உண்டாக்கப் பாத்தாரு, கையுறைல சென்சார், அழுத்தம் ஜாஸ்தியானா காதுல சத்தம், அதுக்கும் கேக்கலன்னா அக்குள்ல ஷாக். வேலை ஆகல. வேலை செய்யும்போது தொந்தரவுன்னு ஆளுங்க சுவிட்ச அணைச்சிட்டாங்க. சிப்பு வெக்கணும்னு என்கிட்ட வர்ற எல்லாப் பசங்களுக்கும் இந்தக் கதைய சொல்றேன்.

நமக்கு அவ்ளோ பெரிய மெஷின் வேணாம். கொரோனா நேரத்துல வாங்கி பீரோல போட்ட நெத்தி தெர்மாமீட்டர் இருக்குல்ல, துப்பாக்கி மாதிரி, அத எடுங்க. உணர்ச்சி போன கால்ல புண் வர்றதுக்கு முன்னாடி அந்த எடம் சூடாகும். ரெண்டு கால்லயும் ஒரே எடத்துல பாத்து வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸ் தாண்டி ரெண்டு நாள் தொடர்ந்து இருந்தா உள்ள என்னவோ ஆரம்பிக்குதுன்னு அர்த்தம், நடையக் குறைச்சு டாக்டர்கிட்ட காட்டணும்.

தெர்மாமீட்டர உடம்பு மோட்லேந்து பொருள் மோடுக்கு மாத்தணும், இத மறந்தா கால் குளுமைக்கு வெறும் லோன்னு காட்டிகிட்டே இருக்கும், நான் மூணு நாள் மெஷின் ரிப்பேர்னு நினைச்சு பிரிச்சே பாத்துட்டேன், மொபைல் மெக்கானிக்குன்னு பேரு. காலைல காப்பிக்கு முன்னாடி, செருப்பு சாக்ஸ் இல்லாம பத்து நிமிஷம் ரெண்டு காலையும் ஸ்டூல் மேல நீட்டி உக்கார சொல்லுங்க, ஜில்லுன்னு தரைல வெக்கக் கூடாது, ஃபேன் நேரா அடிக்கக் கூடாது. ஆறு எடம்: கட்டை விரல் அடி, விரலுங்க ஆரம்பிக்கற மேட்டுல உள்பக்கம் நடு வெளிப்பக்கம்னு மூணு, நடுப்பாதம், குதிகால். எப்பவும் ஒரே தூரம், ஒவ்வொரு எடத்துலயும் மூணு தடவ எடுத்து நடு நம்பர எழுதுங்க. நம்பர் நல்லாருக்குன்னு காலப் பாக்காம விட்டுடாதீங்க, கீழ ஒரு கண்ணாடி வெச்சு விரல் இடுக்கு வரைக்கும் தெனம் பாக்கணும்.

ஆடி மாசம் ஒரு நாள் வலது கால் மேட்டுல 1.1 ஜாஸ்தி. மறுநாள் 2.4. அதுக்கு மறுநாள் 2.6. வெளிய ஒண்ணும் தெரியல, வழக்கமா இருக்கற காய்ப்புதான். நைனா வர மாட்டேன்னாரு, "வலியே இல்லடா, எதுக்கு டோக்கன் போட்டு நாள் முழுக்க உக்காரணும்"னாரு. வலி இல்லாததுதான் நைனா பிரச்சனைன்னு இழுத்துட்டுப் போனேன். டாக்டர் காய்ப்ப சீவினாரு, அடில ரத்தம் கட்டி கறுப்பா இருந்துச்சு. இன்னும் ஒரு வாரம் நடந்திருந்தா புண்ணு. எம்சிஆர் செருப்பு எழுதிக் குடுத்தாரு, அந்த மெத்துன்னு இருக்கற ரப்பர் செருப்பு, இப்ப வீட்டுக்குள்ளயும் அதுதான், கோயிலுக்கு சாக்ஸ் போட்டுகினு சாயந்திரம் வெயில் தாழ்ந்து போறாரு.

இப்ப தெனம் காலைல அவரே ஸ்டூல்ல கால நீட்டிகினு "இன்னிக்கு இன்னா மார்க்கு?"ன்னு கேக்கறாரு. தெர்மாமீட்டர்ல பேட்டரி எறங்குனா நம்பர் கண்டபடி ஆடும், அதனால பொங்கலுக்கு ஒரு தடவ ஆயுத பூஜைக்கு ஒரு தடவ மாத்திடுங்க, பழச வெளிய எடுத்துப் போடுங்க, ஒழுகிடும்.